வானூர்ந்த மங்கையும் வற்றாத பாத்திரமும்

மூன்றாண்டுகளுக்கு முன் எம் தமிழ்த்துறை மாணவியர் நடத்தும் கையெழுத்து இதழுக்கு ஒரு படக்கதை வந்தது. கோடிட்ட நோட்டில் பதினாறு பக்கங்கள். நீல மைப் பேனாவால் வரைந்தவை. வரைந்தவர் தரங்கம்பாடியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து பயின்ற இரண்டாமாண்டு மாணவி. கதைத்தலைவிக்கும் அவ்வூரே. பகலில் அவள் பள்ளிக்குச் செல்லும் எளிய பெண். கரைக்கு இடர் வரும்போது டேனியர் கோட்டையின் மதில்மேல் ஏறி நின்று மூன்று சொற்களைச் சொல்வாள். உடனே வானில் எழுவாள். அவளுக்குத் துணையாக ஒரு தோழி, ஒரு முதிய மாலுமி, பேசும் நாரை ஒன்று. பகைவனாக இறால் பண்ணை முதலாளி ஒருவன். அவள் கையில் வாளில்லை. ஒரு சட்டி இருந்தது. எத்தனை முறை அள்ளினாலும் அதில் உள்ள கஞ்சி குறையாது.

யாம் அதைத் திருப்பிக் கொடுத்தோம். 'காமிக்ஸ் போக்கு, துறை இதழுக்கு ஏற்றதன்று' என்று விளிம்பில் சிவப்பு மையால் எழுதியதும் நினைவிருக்கிறது. மாணவி மறுத்துப் பேசவில்லை. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மணிமேகலை வானத்தில் பறந்தாள் என்று வகுப்பில் நீங்கள் நடத்தியபோது யாரும் சிரிக்கவில்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றார். அதற்கு அன்று எம்மிடம் விடையில்லை. இக்கட்டுரை காலந்தாழ்ந்து எழுதும் விடை.

அன்று எம்மைத் தடுத்தது இலக்கிய நெறி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவன்று. ஆண்டு விழாவுக்கு வருகை தரும் ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்து இதழை எடுத்துப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். பறக்கும் பெண் ஒருத்தி அவர்கள் கண்ணில் பட்டால் என்ன சொல்வார்களோ என்ற தயக்கமே சிவப்பு மையாக வடிந்தது. இத்தனைக்கும் யாமே பள்ளிப் பருவத்தில் காமிக்ஸுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தவர்தாம். சிவகாசியிலிருந்து 1984 சூலையில் லயன் காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது அதன் முதல் இதழுக்குத் தலைமை தாங்கியவர் ஆணல்லர். மாடஸ்டி பிளைசி என்னும் பெண். அவருடைய தோழர் வில்லி கார்வின் கத்தி எறிவதில் வல்லவர்; ஆயினும் கட்டளை பிறப்பது பெண்ணின் வாயிலிருந்து. சில ஆண்டுகள் கழித்து அப்பழைய இதழ்களை வாடகை நூலகத்தில் எடுத்துத் திருக்குறள் உரைநூலுக்குள் மறைத்துவைத்துப் படித்தோம் என்பதை எம் மாணவர் இதுவரை அறியார். இனி அறிவர்.

பெரியவர்கள் இத்தகைய கதைகள்மீது சொல்லும் குறைகளை யாம் புறந்தள்ளவில்லை. அயல்நாட்டு வணிகச் சரக்கு என்கிறார்கள், பெரிதும் உண்மை. உடை தகாதது என்கிறார்கள், அதுவும் உண்மையே. பெண்ணின் வீரத்தை வரையத் தொடங்கிய ஓவியன் கை பல வேளைகளில் வேறெங்கோ மேயப் போய்விடுகிறது. மந்திரம், மாயம் என்கிறார்கள். சிஹ்று என்னும் சூனியம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது; அதில் எமக்கு இரு கருத்தில்லை. ஆனால் கதைக்குள் வரும் மாயத்தைக் கதையென்றே அறிந்து கேட்கும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது. இம்மூன்றும் வாய்விட்டுச் சொல்லும் குறைகள். நான்காவது ஒன்று உண்டு. அதை எவரும் சொல்வதில்லை. இவற்றைப் படிக்கும் பெண்பிள்ளை தானும் பறக்கலாம் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்பதே அது.

அவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று, மேலைநாட்டாருக்கும் இருந்திருக்கிறது. 1941-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய வொண்டர் வுமன் என்னும் தலைவியை எடுத்துக்கொள்வோம். வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டன் என்ற உளவியலறிஞர் கிரேக்கத் தொன்மத்திலுள்ள அமேசான் மறத்தியரின் இளவரசியாக அவளைப் படைத்தார். துப்பாக்கிக் குண்டைக் கைவளையால் தடுப்பவள் அவள். ஆனால் தொடக்ககாலக் கதைகளில் ஒரு விதி இருந்தது. ஆண் ஒருவன் அவ்விரு வளைகளையும் சங்கிலியால் பிணைத்துவிட்டால் அவளுடைய ஆற்றல் முழுதும் அற்றுப்போகும். இதைப் படித்தபோது எம் நினைவுக்கு வந்தவள் மதுரையை ஆண்ட அல்லி.

புகழேந்திப் புலவர் பெயரால் பெரிய எழுத்தில் அச்சாகிச் சந்தைதோறும் விற்ற அல்லியரசாணி மாலையை இன்றைய மாணவர் கண்டிருக்க மாட்டார்கள். இன்றைய சொல்லில் கூறினால் தமிழ்நாட்டு நாட்டார் மரபின் முதன்மையான வீரநாயகி அல்லிதான். அல்லி மலரில் கிடைத்த குழந்தை; பகைவனை வென்று நாட்டை மீட்டவள்; பெண்களே அமைச்சராகவும் படையாகவும் சூழ ஆட்சி செய்தவள். ஆண் வாடையே வேண்டாம் என்றிருந்த அவளை அருச்சுனன் எவ்வாறு மணந்தான்? போரில் வென்றன்று. கண்ணனின் மாயத்தால் பாம்புருக்கொண்டு பள்ளியறை புகுந்து, அவள் உறங்கும்போது தாலியைக் கட்டினான். கதையில் இருந்த மந்திர ஆற்றல் அத்தனையும் ஒரு பெண்ணின் உறக்கத்துக்கு எதிராகப் பயன்பட்டது. கேட்டவர் சிரித்தனர். பெண்ணொருத்தி வீட்டில் முடிவெடுத்தால் 'அல்லி ராஜ்யம்' என்று எள்ளும் வழக்கு இன்றும் நம் தெருக்களில் உண்டு. நாடாண்ட ஒருத்தியின் பெயர் வசைச்சொல்லாகத் தேய்ந்த கதை இது. திருவிளையாடற் புராணத்துத் தடாதகைப் பிராட்டியாரின் நிலை இத்துணை இழிவானதன்று. எனினும் எட்டுத் திசையும் வென்று கயிலைவரை படைநடத்திய அவ்வரசி, மணவாளனைக் கண்ட அந்த நொடியில் நாணித் தலைகுனிந்து நிற்பதோடு அவளுடைய போர்க்கதை முடிந்துவிடுகிறது. திருமணம் வரைக்கும் வீரம், அதற்குமேல் இல்லை.

இவ்வரிசையில் சேராத ஒருத்தியை எம் மாணவி கண்டெடுத்திருந்தார். அதற்கு அவர் நெடுந்தொலைவு செல்லவும் இல்லை. தரங்கம்பாடியிலிருந்து திருக்கடையூர், ஆக்கூர் வழியே வடக்கு நோக்கிச் சென்றால் பூம்புகார். அதே கடல், அதே மணல். சீத்தலைச் சாத்தனாரின் காப்பியத்தலைவி நடந்த ஊர் அது; எம் மாணவியின் பறக்கும் பெண்ணும் வடக்கு நோக்கித்தான் பறந்தாள். அப்போது எமக்கு அது உறைக்கவில்லை.

மணிமேகலையை யாம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் நடத்தி வருகிறோம். தேர்வில் ஆண்டுதோறும் அதே வினா: மணிமேகலையின் பண்புநலன்களை விளக்குக. மாணவர் எழுதும் விடையும் ஒன்றே: பொறுமை, துறவு, அருள். அவளைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் பதுமை ஆக்கிவிட்டோம். காப்பியம் காட்டும் பெண் அப்படிப்பட்டவளல்லள். முப்பது காதைகளில் அவள் நில்லாமல் இயங்கிக்கொண்டே இருக்கிறாள்.

மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அளிக்கிறது. ஒன்றால் விரும்பிய உருவத்தைக் கொள்ளலாம். ஒன்றால் வான்வழியே செல்லலாம். ஒன்றால் பசியைத் தாங்கலாம். மூன்றாவதை ஊன்றி நோக்குதல் வேண்டும். உலகில் எந்த வீரக்கதைத் தலைவனுக்கும் பசி தாங்கும் ஆற்றலை யாரும் வரமாகக் கொடுத்ததாக யாம் படித்ததில்லை. இரும்புக்கை கொடுப்பார்கள், கண்ணில் நெருப்புக் கொடுப்பார்கள். பஞ்சம் அறிந்த நாட்டில் பிறந்த புலவனுக்கே இவ்வாற்றல் தோன்றும். பிறகு மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கையில் வந்து சேர்கிறது. தான் பசி தாங்கவும் பிறர் பசி தீர்க்கவும் வேண்டிய இரண்டும் அவளிடம் சேர்ந்த பிறகே சாத்தனார் அவளைப் புகார் நகர் வீதிக்குள் திரும்ப அனுப்புகிறார்.

துணைவர்க்கும் குறைவில்லை. முன்னைய கசப்புகளால் உலகத்தை நன்கறிந்த சுதமதி, பாத்திரத்தின் வரலாற்றைச் சொல்லி வழிகாட்டும் முதியவர் அறவண அடிகள், தாய் மாதவி, தீவில் காவலிருக்கும் தீவதிலகை, முதல் பிச்சையிட்ட ஆதிரை, தூணில் நின்று நடந்ததும் நடப்பதும் உரைக்கும் கந்திற்பாவை. பெரும்பாலும் பெண்கள். அவரவர் ஒரு தகவலையோ ஓர் உதவியையோ கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறார்கள். எவரும் அவளைத் தோளில் சுமப்பதில்லை.

பகைவர் யார்? உதயகுமரனை வில்லன் என்று எழுதும் மாணவருக்கு யாம் அரை மதிப்பெண் குறைப்பதுண்டு. அவன் அவளைத் துரத்துகிறான், அச்சுறுத்துகிறான். ஆயினும் முற்பிறப்பில் அவள் கணவன் என்று வைத்துப் புலவர் அவன்மீது வெறுப்புக்கும் இரக்கத்துக்கும் நடுவில் நம்மை நிறுத்துகிறார். உண்மையான பகை வேறு. பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ என்னும் அடங்காப் பசியால் வெந்த காயசண்டிகையின் வயிற்றைப் பாருங்கள். அங்கேதான் பகை இருக்கிறது. அதை ஒரு பிடி சோற்றால் மணிமேகலை அணைக்கிறாள்.

இனி அவள் வேற்றுருக் கொள்ளும் மூன்று இடங்களை மட்டும் நோக்குவோம். எம் மாணவியின் நோட்டைத் திருப்பிக் கொடுத்தது எத்துணைப் பிழை என்பதை எமக்கு உணர்த்தியவை இவையே. உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் வடிவம் கொள்கிறாள். தப்பியவள் ஓடி ஒளிந்தாளா? நேரே சிறைச்சாலைக்குள் போகிறாள். அங்குள்ளோர் பசியாற ஊட்டுகிறாள். செய்தி கேட்ட மன்னன் வேண்டுவது யாது என்று வினவ, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு கேட்கிறாள். தனக்கென ஒன்றும் கேட்கவில்லை, விடுதலைகூடக் கேட்கவில்லை. மதிலை இடித்துக் கைதிகளை மீட்கும் வீரரைப் படக்கதைகளில் நூறு பேரைக் காட்டலாம். சிறையையே சோறிடும் வீடாக்கியவளை வேறெங்கும் கண்டிலோம்.

இரண்டாவது இடம் அரண்மனை. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவியின் வடிவில் இருந்தவளைத் தன் மனைவியென்றே மயங்கி, அவளை நாடி வந்த உதயகுமரனை வெட்டி வீழ்த்திவிடுகிறான். மகனை இழந்த இராசமாதேவி மணிமேகலையைத் தன்பால் வைத்துக்கொள்வதுபோல் நடித்துப் பழிவாங்க முற்படுகிறாள். மயக்கும் மருந்தூட்டுகிறாள், மணிமேகலையின் அறிவு திரியவில்லை. கல்லா இளைஞன் ஒருவனை ஏவுகிறாள். மணிமேகலை ஆணுருக் கொண்டு நிற்க, வந்தவன் வெருண்டு ஓடுகிறான். நோயுற்றாள் என்று சொல்லிப் புழுக்கறையில் அடைத்து உணவை மறுக்கிறாள்; மூன்றாம் மந்திரம் காக்கிறது. இறுதியில் தேவியே அஞ்சி வணங்குகிறாள். அவளை மணிமேகலை தண்டிக்கவில்லை. உடலுக்கு அழுதீரா, உயிருக்கு அழுதீரா என்ற பொருள்பட வினவி அறிவுறுத்துகிறாள். மகனை இழந்த தாயிடம் அவ்வளவு கறாரான கேள்வி கேட்கலாமா என்று எம் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவியாவது கேட்பதுண்டு. அக்கேள்வி எமக்கும் உண்டு.

மூன்றாவது இடம் வஞ்சி மாநகர். சமயக் கணக்கர் பலரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிய விரும்புகிறாள். இளம்பெண் என்று கண்டால் அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்று தெய்வம் முன்பே எச்சரித்திருந்தது. ஆகவே மாதவன் ஒருவனின் வடிவில் சென்று கேட்கிறாள். கல்வி பெறுவதற்காக ஆண்வேடம் பூண வேண்டியிருந்த இந்தப் பெண்ணை எத்தனை ஆண்டுகள் பாடமாக நடத்தினோம்! பெண்பிள்ளைகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திய வீடுகள் நிறைந்த ஊர்களிலிருந்து வந்து எம் முன் அமர்ந்திருந்தவர்களிடம் இவ்விடத்தை நிறுத்திச் சொல்லாமல் கடந்திருக்கிறோம்.

இத்துணை ஆற்றல் உடையவளுக்கும் முடியாதவை உண்டு. உதயகுமரனின் உயிரைக் காக்க அவளால் இயலவில்லை. கடல் பொங்கிப் புகாரை விழுங்கியபோது தடுக்கவும் இயலவில்லை. அதைவிடக் கொடியது, ஊரைக் கடல் கொள்ளட்டும் என்று சாபமிட்டது அவளைக் காத்த அதே மணிமேகலா தெய்வம். காணாமற்போன மகனைத் தேடும் துயரில் மன்னன் இந்திரவிழாவை மறந்தான், ஊரே அழிந்தது. கடலோடிகளைக் காக்கும் இத்தெய்வம் மகாசனக சாதகக் கதையிலும் வருகிறது. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் மேகலா என்ற பெயரில் இன்றும் அறியப்படுகிறது. காப்பதும் அழிப்பதும் ஒரே கடல் என்பதைக் கரைவாழ் மக்கள் நன்கறிவர்.

எம் மாணவி அக்கதையைத் தொட்டதற்கு வேறு காரணமும் இருந்தது. அதை யாம் பின்னரே உணர்ந்தோம். 2004 திசம்பர் 26-ஆம் நாள் காலை ஆழிப்பேரலை தரங்கம்பாடியைத் தாக்கியபோது அவர் கைக்குழந்தை. யாம் அப்போது முதுகலை முடித்து ஊரில் இருந்தோம். மீனவர் குடியிருப்பிலிருந்து ஓடிவந்தவர்களால் எம் தெரு நிறைந்தது. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலைப் பன்னெடுங்காலமாகச் சிறுகச் சிறுக அரித்துத் தின்ற கடல், அன்று சில நிமிடங்களில் செய்ததை எழுத எமக்கு இன்றும் கை வருவதில்லை. அன்று உச்சிப் பொழுதுக்குள் எம் வீட்டு வாசலில் கல் கூட்டித் தேக்சா ஏறியது. யார் வந்தார், எவ்வூரார், எம்மதத்தார் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. கரண்டி பிடித்தவர்கள் எம் அன்னையாரும் அக்கம்பக்கத்துப் பெண்டிரும். வற்றாத பாத்திரம் காப்பியத்தில்தான் உண்டு. எம் தெருவில் அது வற்றிக்கொண்டே இருந்தது, வற்ற வற்ற யாராவது அரிசி கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தார்கள். ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குவாளி ஏந்தி எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் நிற்கும் ஊர்களில் வளர்ந்த நமக்கு, குறையாத கஞ்சிச் சட்டி ஏந்திய பெண் எப்படி அந்நியப் பிறவியாகத் தோன்றினாள்?

சமயம் வேறு என்பார்கள். மணிமேகலை பௌத்தக் காப்பியம். முஸ்லிம் பெருமக்கள் நடத்தும் கல்லூரியில் அதற்கு இத்துணை இடமா என்று கேட்பவரும் உளர். உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். அந்நூலை ஆராய்ந்த அவரும் பௌத்தரல்லர். அதே ஐயரவர்கள் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் வெளியிட்ட 'காதலா? கடமையா?' நாவலுக்கு அணிந்துரை நல்கினார்கள் என்பதை நம் மாணவியர் எத்தனை பேர் அறிவர்? கம்பனில் தோய்ந்து கம்பனைப் பரப்பிய நீதியரசர் மு. மு. இஸ்மாயில் அவர்களும் நாகூரில் பிறந்தவரே. தரங்கம்பாடிக்கே வருவோம். 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தாம் தேடிச் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708-இல் ஒரு பட்டியல் எழுதினார். அதில் சைவ, வைணவ நூல்களுடன் நம்மவர் நூல்களும் இடம்பெற்றன. அவர் வேறு நோக்கத்தோடு வந்தவர்தாம். ஆயினும் அக்கரையில் எல்லாருடைய தமிழும் ஒரே பெட்டியில் இருந்தது என்பதற்கு அப்பட்டியல் சான்று.

நம் இலக்கியத்திலும் பெண் வீரருக்குப் பஞ்சமில்லை. குஞ்சுமூசுப் புலவரின் செய்யிதத்துப் படைப்போர் ஒரு பெண்ணின் பெயரையே தலைப்பில் தாங்கியது. சைத்தூன் கிஸ்ஸாவும் அவ்வாறே. ஜின்களும் மாயத்தீவுகளும் நிறைந்த கிஸ்ஸாக்களை எம் நன்னி இராகம் போட்டுப் பாடக் கேட்டு வளர்ந்தோம். கண்பார்வை மங்கிய பிறகும் அவருக்கு அடி தவறியதில்லை. அவற்றைக் கேட்டு எங்கள் வீட்டில் எவரும் மார்க்கம் தவறவில்லை. அரபு மொழியின் மிக நீண்ட வீரகாவியங்களுள் ஒன்றான தாத்துல் ஹிம்மாவின் கதையும் பெண்ணின் பெயரால் அமைந்ததே. பெண்ணாகப் பிறந்தாள் என்று தந்தையால் ஒதுக்கப்பட்டு, எல்லைப் போர்களில் படைத்தலைவியாக உயர்ந்தவள் அவள். அவளுக்குத் தந்திரம் வல்ல தோழன் பத்தாலும், உள்ளிருந்தே கெடுக்கும் காழி உக்பாவும் உண்டு. தோழர், துரோகி, மாயம், தொன்மம் என இன்றைய படக்கதைக்கு வேண்டிய எல்லாமும் கெய்ரோவின் காப்பிக் கடைகளில் கதைசொல்லிகள் முன்பே விரித்துவைத்தவை. வங்கத்து ரொக்கையா சகாவத் உசைன் பெண்கள் ஆளும் நாட்டைக் கனவாக எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-இல் வெளியானதும் நம் சென்னையிலிருந்து வந்த மகளிர் இதழில்தான்.

அண்மைக்கால முயற்சிகளும் உள்ளன. பாகிஸ்தானில் 2013-இல் வெளிவந்த 'புர்கா அவெஞ்சர்' என்னும் கார்ட்டூன் தொடரின் தலைவி ஒரு பள்ளி ஆசிரியை. பெண்கள் பள்ளியை மூட வருவோரைப் புத்தகங்களையும் பேனாக்களையும் எறிந்து விரட்டுகிறாள். (புத்தகத்தை எறிதல் தகுமா என்று நூலகர் கேட்பார், அது வேறு வழக்கு.) அமெரிக்காவில் 2014 முதல் தனி இதழாக வந்த 'மிஸ் மார்வெல்' கதையின் தலைவி கமலா கான் பாகிஸ்தானிய மரபினள். அவளுக்கும் மணிமேகலையைப்போல் வேற்றுருக் கொள்ளும் ஆற்றல் வாய்க்கிறது. வாய்த்தவுடன் முதலில் அவள் ஏற்கும் வடிவம் பொன்னிறக் கூந்தல் கொண்ட வெள்ளைக்காரியினுடையது! பிறர் தோற்றம் தனக்குப் பொருந்தாது என்று கண்டு தன் முகத்துக்குத் திரும்புவதே அக்கதையின் உயிர். அவளூர்ப் பள்ளிவாசலின் ஷெய்கு அப்துல்லா அவள் எதையோ மறைக்கிறாள் என்று அறிந்தும் அதட்டவில்லை. நற்பண்புகளோடு செய் என்றும், நல்ல ஆசானைத் தேடிக்கொள் என்றும் அறிவுரை சொல்லி அனுப்புகிறார். அயல்நாட்டுக் கதாசிரியர் ஒருவர் படைத்த அப்பெரியவருக்கு இருந்த பொறுமை, எம் சிவப்பு மைப் பேனாவுக்கு இல்லாமற்போயிற்று.

சென்ற ஆண்டின் இறுதியில் அம்மாணவியின் முகவரியைத் தேடிப் பெற்று மடல் எழுதினோம். அவர் இப்போது ஒரு தொடக்கப்பள்ளியில் பணியாற்றுகிறார். நோட்டு இருக்கிறது, அக்காள் மகன் இரண்டு பக்கங்களைக் கிழித்துவிட்டான் என்று மறுமொழி எழுதியிருந்தார். அவற்றை மட்டுமன்றிக் கடைசிப் பக்கத்தையும் மாற்றி வரைய விரும்புகிறாராம். பழைய படத்தில் பறக்கும் பெண் இரு கைகளையும் நீட்டிக் கடலலையை நிறுத்துவாள். அதை எடுத்துவிடப் போகிறேன், அலையை யாரும் நிறுத்தவில்லை என்று உம்மா சொல்வார்கள் என எழுதியிருந்தார். புதிய படத்தில் அலை வந்து போனபின் அவள் கரையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள். நாரை விறகு பொறுக்கும்.

வரும் ஆண்டு மலரில் அதை வெளியிட வேண்டுமென்று மலர்க்குழுவில் கேட்டிருக்கிறோம். பெரியவர் ஒருவர் படங்களைப் பார்த்த பின்னரே சொல்வேன் என்றார். மற்றொருவர் பெண்ணின் தலையில் முக்காடு இருக்கிறதா என்று வினவினார். இருக்கிறது; பறக்கும்போது அது காற்றில் எழுவதையும் அழகாக வரைந்திருக்கிறார். இப்போதைக்கு எட்டுப் பக்கங்கள் தருவதாகக் குழு இசைந்துள்ளது. கதைக்கு வேண்டியவை பதினாறு. மீதி எட்டுக்காக இம்மலரில் எம் அடுத்த கட்டுரையை நிறுத்திக்கொள்ள யாம் உடன்பட்டிருக்கிறோம்.